சதுரகிரி வழியில் ஒரு நாள்

மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் பெருவழியில் உள்ளது கிருஷ்ணன்கோவில் என்னும் ஊர். அங்கே மேற்கு நோக்கிப் பிரியும் சாலை வத்திராயிருப்பு வழியாய்த் தாணிப்பாறை என்னும் மலையடிவாரத்தை அடையும். அவ்வடிவாரத்திலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் கல்லும் வேரும் ஓடையுமாகிய வழியில் ஏறினால், சுந்தரமகாலிங்கப் பெருமானும் சந்தனமகாலிங்கப் பெருமானும் எழுந்தருளிய சதுரகிரித் திருக்கோயில்களைக் காணலாம்.

2024-ஆம் ஆண்டு ஆடித் திங்களில் அடியேன் மதுரையிலிருந்து ஊர்தி ஏறாது நடந்தே இம்மலையை வழிபடப் புறப்பட்டேன். திருமங்கலம், தே. கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் ஆகிய ஊர்களைக் கடந்து நான்காம் நாள் மாலையில் தாணிப்பாறையை அடைந்தேன். புறப்படுவதற்கு முன்னாள், எங்கள் ஊர்ச் சைவ சபையிற் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரத்தை விரித்துரைத்திருந்தேன். சீவன்முத்தர்க்கும் அடியார் கூட்டம் இன்றியமையாதது. அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே கண்டு வழிபடுக என்பது அதன் கருத்து. கேட்டோர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியை யானும் உடன் சுமந்தே நடந்தேன் என்பதை இப்பொழுது உணர்கின்றேன்.

ஐந்தாம் நாட் காலையில் வாயில் திறந்தவுடன் மலையேறத் தொடங்கினோம். இக்காடு 2021-ஆம் ஆண்டு முதல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. ஆதலின் வனத்துறையினர் குறித்த நேரத்தில் ஏறி, இருள்வதற்கு முன் இறங்குமாறு பணிக்கின்றனர். அது வேண்டுவதே. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் இம்மலையோடைகளில் திடீரெனப் பெருகிய வெள்ளம் அடியார் சிலர் உயிரைக் கொண்டு சென்றதை இவ்வட்டாரத்தார் மறந்திலர்.

வழுக்குப்பாறையைக் கடக்கும் வரையிற் கால்கள் சொற்படி கேட்டன. கோரக்கர் குகைக்கு அப்பால் ஏற்றம் கடுமையாயிற்று. ஆங்கே ஒரு மரத்தடியில் முதியவர் ஒருவர், நெற்றி நிறையத் திருநீறும் கழுத்திற் கண்டிகையுமாக, ஒரு காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். தசை பிடித்து வருந்துகின்றார் என்பது நோக்கிய அளவிலேயே விளங்கிற்று. என் கையில் நீர் இருந்தது. ஆயினும் உச்சிக்கால வழிபாட்டைத் தவறவிடக் கூடாதே என்னும் எண்ணம் முந்திற்று. “பின்னே வருவோர் உதவுவர்” என என் நெஞ்சிற்கு யானே விடை கூறிக்கொண்டு, ஐந்தெழுத்தை எண்ணியபடியே அவரைக் கடந்து சென்றேன். எண்ணிக்கை தவறவில்லை.

நாவலூற்றைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றேன். நான்கு நாள் நடையின் களைப்பு முழுவதும் ஒருங்கே வந்து காலைப் பற்றிற்று. கெண்டைக்கால் கல்லாய் இறுகியது. ஒரு பாறைமேல் விழுந்தாற்போல் அமர்ந்தேன். நீரும் தீர்ந்திருந்தது. இளைஞர் பலர் என்னைக் கடந்து சென்றனர். அவர்கள் முகத்திற் கொடுமை ஒன்றும் இல்லை. அவர்களும் வழிபாட்டுக்கே விரைந்தனர். என் முகமும் முன்னர் அவ்வாறே இருந்திருத்தல் வேண்டும்.

நெடும்பொழுது கழித்து அம்முதியவர் கோலூன்றி மெல்ல வந்தார். என்னருகே அமர்ந்து, மடியிலிருந்து உப்பு நார்த்தங்காய்த் துண்டொன்றை எடுத்து, “தம்பி, இதை வாயில் அடக்கிக்கொள்ளும்” என்றார். தம் குவளை நீரையும் தந்து, என் காலைத் தம் மடிமேல் வைத்து நீவிவிட்டார்.

யான் நாணி, “ஐயா, கீழே தங்களைக் கண்டும் நில்லாது வந்தேன்” என்றேன்.

அவர் நகைத்தார். “கண்டேன், தம்பி. அந்த வேகத்தில் போகிறவர் நாவலூற்றுக்கு மேலே உட்காராமல் இருக்கமாட்டார். அதனால்தான் ஒரு துண்டு தின்றுவிட்டு மற்றதை முடிந்து வைத்தேன்” என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு பிலாவடிக் கருப்பர் சந்நிதியை வணங்கிக் கோயிலை அடைந்தோம். உச்சிக்கால வழிபாடு முடிந்து போயிருந்தது.

சுந்தரமகாலிங்கப் பெருமான் திருமேனி ஒருபுறம் சற்றே சாய்ந்திருக்கும். பச்சைமால் என்னும் ஆயன், தன் பசுவின் பாலை உண்ட ஒருவரைக் கோலால் அடித்தான் எனவும், அடிபட்டவர் இறைவனே எனவும், அத்தழும்பே திருமேனியிற் காணப்படுவது எனவும் தலவரலாறு கூறும். இதனைப் பலமுறை கேட்டு, அறியாமையாற் பிழைத்த ஆயனுக்கு இரங்கியிருக்கின்றேன். அன்று சந்நிதியில் நின்றபொழுது அவ்விரக்கம் என்பால் திரும்பிற்று. ஆயன் திருவேடத்தைக் காணாது அடித்தான்; யானோ கண்டும் கடந்தேன்.

என் காலை நீவியவர் இறைவனே என்று கூற யான் முற்படேன். அவர் பசியும் நோவும் உடைய ஒரு மனிதர். அற்புதம் நிகழ்ந்தாலன்றி வணங்கோம் என்பது சித்தாந்தமும் அன்று. வேடம் கண்ட இடத்தே அரனைக் காண்க என்பதே ஆசிரியர் ஆணை. அதனை யான் வாயால் விரித்தேன், காலால் மறுத்தேன். நடையை என் தவமென எண்ணிய ஆணவம் கால் ஓய்ந்தபின்னரே சிறிது ஓய்ந்தது. தளர்ச்சியும் திருவருளின் மறைப்பாற்றல் செய்யும் உதவியே போலும்.

இறங்கும்பொழுது அவர் மூட்டையை யான் வாங்கிக்கொண்டேன். அவர் அடிக்கு என் அடியை அளந்து பின்னே நடந்தேன். எம்மைக் கடந்து பலர் விரைந்தனர். தாணிப்பாறையை அடையும்பொழுது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மூட்டையைப் பெற்றுக்கொண்டு, “அடுத்த ஆடிக்கும் வாரும், தம்பி, நீரை மட்டும் சற்று மிகுதியாய்க் கொண்டு வாரும்” என்று கூறி அவர் விடைபெற்றார்.

சிவ சிவ.