அப்பாவின் கிட்டாரும் என் மாணவனின் தாளமும்

பள்ளி வேலைகளுக்கிடையே இந்தப் பக்கம் வந்து நாட்கள் பல ஆகிவிட்டன. இன்று நான் எழுதப்போவது பாடத்திட்டத்தைப் பற்றியதன்று. என் தவறு ஒன்றைப் பற்றியும், அதை எனக்கு உணர்த்திய என் தந்தையைப் பற்றியும் எழுதுகிறேன்.

தொடக்கநிலை ஐந்தில் எனக்கு ஒரு மாணவன் வாய்த்தான். கையில் எழுதுகோல் கிடைத்தால் போதும், மேசை மத்தளமாகிவிடும். வல்லின, மெல்லின எழுத்துகளை நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் தாளம் ஒலிக்கும். பலமுறை கண்டித்தேன். பெற்றோர் ஆசிரியர் சந்திப்பின்போது அவன் தாயாரிடம், "டிரம்ஸ் வகுப்பில் காட்டும் அக்கறையைத் தமிழில் காட்டினால் நன்றாக இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தாய் என் சொல்லை மதித்தார். மறுமாதமே டிரம்ஸ் வகுப்பை நிறுத்திவிட்டார்.

அதன்பின் மேசையில் தாளம் கேட்கவில்லை. மாணவன் வாயிலிருந்து தமிழும் கேட்கவில்லை. வாய்மொழிப் பயிற்சியில் எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். மதிப்பெண் ஏறவில்லை, இறங்கியது. அமைதியான வகுப்பு எனக்கு வெற்றியாகத் தெரியவில்லை.

இந்நிலையில், வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவரை நேர்காணல் செய்து வரும்படி வகுப்பிற்கு ஒரு பணி கொடுத்தேன். "உங்கள் இளமையில் பொழுதுபோக்கு என்ன?" என்பது முதல் கேள்வி. அப்போது மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், உங்கள் அப்பாவுக்கு என்ன பொழுதுபோக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நாற்பது வயதைக் கடந்த எனக்கு, என்னைப் பெற்றவரின் இளமை தெரியவில்லை!

அன்று மாலை உட்லண்ட்ஸ் வீட்டில், தேநீர்க் கோப்பையோடு அமர்ந்திருந்த அப்பாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவருக்கு வயது எழுபத்தேழு. செவி சற்று மந்தம். இரண்டாம் முறை கேட்டபின் சிரித்தார். "கிட்டார் வாசித்தேன்மா. சினிமாக் கொட்டகை மேடையில்" என்றார்.

நான் திகைத்துப் போனேன். என்னை வீணை வகுப்பிற்கு அனுப்பியவர், வீட்டில் ஆங்கிலப் பாட்டே ஒலிக்க விடாதவர், கிட்டார் வாசித்தாரா?

தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் தொழிலாளி. 1938-இல் திறக்கப்பட்ட அத்தளத்தை நம்பித் தமிழர், மலையாளி, மலாய்க்காரர், சீனர் எனப் பல குடும்பங்கள் அவ்வட்டாரத்தில் வாழ்ந்தன. பிரிட்டிஷ் படைவீரர்களின் மனமகிழ் மன்றங்களிலிருந்து இசைத்தட்டுகளின் ஒலி சாலைவரை வரும். அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் அப்பாவும் ஒருவர்.

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். அப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. நுழைவுச்சீட்டு வாங்க வசதியில்லை. நாளிதழில் வந்த படத்தைத்தான் பார்த்தார். மூன்று கிட்டார், ஒரு டிரம்ஸ். அவ்வளவுதான்! பெரிய வாத்தியக் குழு வேண்டாம், நான்கு நண்பர்கள் போதும் என்னும் செய்தி இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிக்கொண்டது. தெருவிற்கு ஒரு குழு முளைத்ததாக அப்பா சொல்கிறார். ஷேடோஸ் குழுவின் 'அப்பாச்சி' என்னும் வாத்திய இசையை வாசிக்கத் தெரியாதவன் அக்காலத்தில் கிட்டார்க்காரனே அல்லன். இந்த வரலாற்றை ஆய்ந்த ஜோசஃப் பெரேரா 2011-இல் வெளியிட்ட நூலுக்கு 'அப்பாச்சி ஓவர் சிங்கப்பூர்' என்றே பெயரிட்டார்.

உள்ளூர்க் குழுக்கள் சாதாரணமானவையல்ல. 'கிரசண்டோஸ்' குழு 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் வழியாக இசைத்தட்டு வெளியிட்டது. குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய 'குவெஸ்ட்ஸ்' குழு, 1964-இல் 'ஷாண்டி' என்னும் இசையால் பீட்டில்ஸ் பாடலையே முந்திக்கொண்டு உள்ளூர்ப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைகள் செய்த வேலை இது! மலாய் மொழியில் 'பாப் யே யே' என்று ஒரு தனி மரபே உருவானது. 1967-இல் 'ஏ கோ கோ 67' என்னும் மலாய்த் திரைப்படம் அந்த அலையைப் படம்பிடித்து வைத்தது. நம் தமிழ்த் திரையிசையும் விலகி நிற்கவில்லை. 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் விஸ்வநாதன் ராமமூர்த்தி இரட்டையர் மேற்கத்தியத் துள்ளலைத் தமிழுக்குள் கொண்டுவந்தார்கள். அறுபதுகளின் பிற்பகுதியில் இலங்கையில் நித்தி கனகரத்தினம் கிட்டாரோடு தமிழ்ப் பொப் பாடல்களைப் பாடத் தொடங்கினார். பின்னர் ஏ. ஈ. மனோகரன் அதைக் கடல் கடந்தும் கொண்டு சென்றார்.

அப்பாவின் குழுவில் நால்வர்: ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு மலையாளி, பிறகு அப்பா. கிட்டார் பழையது, தவணை முறையில் வாங்கியது. ஒலிபெருக்கி வாங்கப் பணமில்லாததால் பழைய வானொலிப் பெட்டியின் பின்புறத்தில் கம்பியை இணைத்து வாசித்தார்களாம். தமிழ்ப்பள்ளியில் படித்த அப்பாவுக்கு ஆங்கிலம் சரளமில்லை. எனவே ஆங்கிலப் பாடல்களைத் தமிழ் எழுத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துப் பாடினார். தமிழில் இல்லாத ஓர் ஒலிக்கு ஆய்த எழுத்தைப் பயன்படுத்தினாராம். "ஆய்தம் அன்றைக்குத்தான்மா எனக்கு உதவியது" என்று அவர் சொன்னபோது, எத்தனை பிள்ளைகளுக்கு ஆய்தத்தை நான் வறண்ட இலக்கணமாகவே கற்பித்திருக்கிறேன் என்று எண்ணினேன்.

1965 பிப்ரவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு இங்குள்ள பூப்பந்து மண்டபத்தில் பாடிச் சென்றது. அந்த ஆண்டில்தான் அப்பாவின் குழுவிற்கும் ஒரு வாய்ப்பு வந்தது. நகரத்துக் கேப்பிட்டல் போன்ற பெரிய அரங்கில் அன்று. வட்டாரத்துச் சிறு சினிமாக் கொட்டகையில். திரைக்கு முன்னால் குறுகலாக ஒரு பலகை மேடை. படம் தொடங்குமுன் மூன்று பாடல்கள், மூன்று இரவுகள். கூலி இல்லை, இலவசமாகப் படம் பார்க்கலாம், ஆளுக்கு ஒரு பாட்டில் சோடா. முன்வரிசைப் பிள்ளைகள் கடலைத் தோலை எறிந்தார்கள். இரண்டாம் நாள் கம்பி ஒன்று அறுந்தது. மூன்றாம் நாள் கூட்டம் கைதட்டி, "இன்னொன்று!" என்று கத்தியது. படம் தாமதமாகத்தான் தொடங்கியது.

"தாத்தா திட்டவில்லையா?" என்று கேட்டேன்.

"வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடி வளர்க்காதே என்பார், அவ்வளவுதான். பல வருடம் கழித்துப் பக்கத்து வீட்டு மாமா சொன்னார். மூன்று இரவும் உன் தாத்தா ஐம்பது காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, பின்னால் தூண் மறைவில் நின்று பார்த்தாராம். பாட்டு முடிந்ததும் படம் பார்க்காமல் வீட்டுக்கு நடந்துவிடுவாராம்."

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு மீதியையும் சொன்னார். பிரிட்டிஷ் படை வெளியேறும் என்னும் அறிவிப்பு வந்தது. தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் கலங்கின. 1971-இல் படைகள் வெளியேறியபோது தொழிலாளர்களின் வேலைகள் மட்டுமல்ல, இசைக்குழுக்களின் மேடைகளும் போயின. கிட்டாரும் நீள்முடியும் ஒழுங்கின்மையின் அடையாளமாகப் பார்க்கப்பட்ட காலமும் அதுவே. 1972-இல் லெட் செப்பலின் குழுவினரை நீள்முடிக்காக நாட்டிற்குள் விடவில்லை. ஆனால், அப்பா கிட்டாரை விட்டதற்கு இவையெல்லாம் காரணமல்ல. அத்தையின் பள்ளிச் செலவிற்காகத் தாமே அதை அடகுக் கடைக்கு எடுத்துச் சென்றார், மீட்கவில்லை.

"தாத்தா என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லைமா. சுவரில் கிட்டார் மாட்டிய ஆணியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஆணியை அவர் கடைசிவரை பிடுங்கவில்லை."

"என்னை மட்டும் ஏன் வீணைக்கு அனுப்பினீர்கள்?" என்று கேட்டேன். "ஒரு முறை இழந்தது போதாதா? உன்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாத ஒன்றாக, நம்முடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்" என்றார். அவர் சொன்னது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அவர் அன்பு மட்டும் தெரிந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் ஒரு சொல்லால் ஒரு சிறுவனின் சுவரில் வெறும் ஆணியை நான் விட்டிருந்தேன். என் அப்பாவிடமிருந்து கிட்டாரை எடுத்தது வறுமை. என் மாணவனிடமிருந்து தாளத்தை எடுத்தது எது? வறுமையன்று, தமிழின் பெயரால் நான் சொன்ன சொல். பிறகு அவன் தமிழை எப்படி விரும்புவான்?

மறுநாள் அவன் தாயாரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "அந்த வகுப்பில் இடம் போய்விட்டது, டீச்சர். அடுத்த தவணையில்தான் கேட்க வேண்டும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்கு அதிகமாக வலித்தது. நேர்காணல் செய்ய அவனுக்குத் தாத்தா இல்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். "என் அப்பாவைக் கேட்கட்டுமே" என்றேன்.

ஒரு சனிக்கிழமை, தாயும் மகனும் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்திற்கு வந்தார்கள். வெளியே இருந்த மேசையில் அப்பாவும் அவனும் எதிரெதிரே அமர்ந்தார்கள். முதல் கேள்வியைத் தாளைப் பார்த்துப் படித்தான். இரண்டாவது கேள்வி தாளில் இல்லாதது: "தாத்தா, உங்கள் டிரம்ஸ்காரர் எப்படி வாசிப்பார்?" அப்பா மேசையில் விரல்களால் தட்டிக் காட்டினார். செவி மந்தமானவர், தாளம் தப்பவில்லை. அவன் அதைத் திருப்பித் தட்டினான். "அங்கே கொஞ்சம் நிறுத்தி அடி" என்றார். "ஏன் தாத்தா நிறுத்தவேண்டும்?" என்றான். கேள்வியும் பதிலுமாக முக்கால் மணி நேரம், முழுவதும் தமிழில்! நான் ஒரு சொல்லும் பேசவில்லை.

அவன் கொண்டுவந்த கட்டுரை இரண்டு பக்கம். ஒற்றுப்பிழைகள் பதினொன்று. சிவப்பு மையால் திருத்துமுன் இருமுறை படித்தேன். மறு தவணையில் அவன் மீண்டும் டிரம்ஸ் வகுப்பில் சேர்ந்தான். தமிழில் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டான் என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. வாய்மொழியில் இப்போது முழு வாக்கியங்களில் பேசுகிறான். மேசையும் மீண்டும் மத்தளமாகிவிட்டது. செய்யுள் வகுப்பில் மட்டும் அதற்கு அனுமதி உண்டு.

ஆசிரிய நண்பர்களே, பிள்ளையின் விருப்பத்தைத் தமிழுக்குப் போட்டியாக நிறுத்தும்முன் ஒருமுறை யோசியுங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இளமையில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். செவி மங்குமுன் கேளுங்கள். காது கேட்காவிட்டால் நான் செய்ததுபோல் இரண்டாம் முறையும் கேளுங்கள்.