என் பெயரில் ஒரு பழைய பத்திரம்

வீட்டுப் பாகப்பிரிவினைக்காகத் தகரப் பெட்டியைக் குடைந்தபோது 1934-ஆம் வருடத்துக் கிரையப் பத்திரம் ஒன்று அகப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் பெயர் என் பெயர். தகப்பனார் பெயர் என் அப்பா பெயர். ஊர் ஆமத்தூர். அடியில் கையெழுத்துக்குப் பதிலாக மசி படிந்த பெருவிரல் ரேகை. அது என் தாத்தா.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தாத்தா பேரைப் பேரனுக்கு விடுகிற வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டே பெயர்கள்தான் மாறி மாறி வந்திருக்கின்றன. அப்படியானால் தாத்தாவின் தாத்தாவும் என் பெயர்க்காரராகவே இருக்க வேண்டும். அவரைப் பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி சார்பதிவகங்களில் பெயர்வாரியாக ஓர் அட்டவணையும் சொத்துவாரியாக ஓர் அட்டவணையும் வைத்திருப்பார்கள். பெயர்வாரி அட்டவணையைப் பார்த்ததும் மலைத்துப்போனேன். ஒரே தாத்தாவின் பேரைப் பங்காளி வீடுகள் அத்தனையிலும் விட்டிருக்கிறார்கள். பெரிய, சின்ன என்று முன்னால் சேர்த்துக்கொண்டதுதான் வித்தியாசம். இவர்களில் எங்களவர் யார்?

வழி காட்டியவை பத்திரத்தில் எழுதியிருந்த நான்கு மால்கள், அதாவது நாலு பக்க எல்லைகள். தாத்தா விற்ற கரிசல் காட்டுக்கு வடக்கே ‘சின்ன’ பங்காளியின் புஞ்சை, கிழக்கே வண்டிப்பாதை. அதே மால்களோடு இன்னொரு பழைய பதிவு இருந்தது. அதில் பெயர்கள் தலைகீழ்: அப்பாவின் பெயர் முதலில், தகப்பனார் என்ற இடத்தில் என் பெயர். ஜில்லா திருநெல்வேலி. எங்கள் ஊர் இருக்கும் சாத்தூர்ப் பக்கமெல்லாம் 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகும்வரை திருநெல்வேலியோடுதான் இருந்தது. அதற்கு முந்தைய காலத்தைத் தேடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

காகிதம் சொல்லாததை அத்தை சொன்னார். “எங்கம்மா ஒங்கப்பனப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. மாமனார் பேராச்சே! தொரைன்னுதான் கூப்பிடுவா.” காமராஜருக்குக் குலதெய்வத்தை நினைத்துக் காமாட்சி என்று பெயர் வைத்தார்கள், தாயார் ராஜா என்று அழைத்தார், இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது. பத்திரப் பெயர் வேறு, வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. இரண்டையும் கேட்டு வைத்துக்கொள்ளாதவர் பாதியில் நிற்பார்.

சித்தப்பாவின் பெயர் எங்கள் வழியில் யாருக்கும் இல்லை. மூத்தவனுக்கு அப்பா வழித் தாத்தா பேர், இளையவனுக்கு அம்மா வழித் தாத்தா பேர் என்பது முறை. சித்தப்பா பெயரில் மாரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனதில், மாரியம்மன் கோயில் கொண்ட இருக்கன்குடிப் பக்கம் அப்பத்தாவின் பிறந்த வீடு தெரிந்தது. அங்கே அதே பெயரில் இன்றைக்கும் ஒருவர் இருக்கிறார். ஆனால் அப்பத்தாவின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. சொத்து இல்லாதவளுக்கு அட்டவணையில் ஏது இடம்?

பெயருக்கு வாலாக வந்த சாதிப் பட்டத்தையும் கவனித்தேன். 1929-இல் செங்கல்பட்டில், ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. மூன்றாவது மாநாடு 1931-இல் எங்கள் விருதுநகரிலேயே நடந்தது. தாத்தாவின் பத்திரத்தில் இருக்கும் அந்த வால் அப்பா பெயரில் இல்லை. அது போனதால் என் தேடலுக்கு ஒரு குறையும் இல்லை. பட்டம் சாதியைத்தான் காட்டும். குடும்பத்தைக் காட்டியது தாத்தா பேர்தான்.

இப்போது பேர் விடுகிற வழக்கம் போய்க்கொண்டிருக்கிறது. எண் கணிதம் பார்த்து, வடமொழி ஒலியில் பெயர் வைக்கிறோம். என் மகனுக்கும் அப்படித்தான். அதில் தவறில்லை. ஆனால் நாளை ஒருவர் தேடினால் பெயர் வழி காட்டாது. ஆகவே ஒரு நோட்டில் இரு வழித் தாத்தா பாட்டிகளின் முழுப் பெயர், கூப்பிடும் பெயர், பிறந்த ஊர், குலதெய்வம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பாட்டிமார் பெயரை முதலில் எழுதுங்கள். பத்திரத்தில் இல்லாதவை அவைதான்.