மலை உச்சி வரை ஒரு பேட்டரி

செஞ்சிக் கோட்டைக்குக் கேமராவோடு வருகிறவர்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். கீழே கல்யாண மகாலைச் சுற்றிச் சுற்றி நூறு படம் எடுப்பார்கள். ராஜகிரி உச்சிக்குப் போய்ச் சேரும்போது பேட்டரி தீர்ந்து கேமரா அணைந்துவிடும். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கலாம்" என்று நம் வயதுக்காரர்கள் சொல்லக்கூடிய மலையா அது? உச்சியில் பிளக் பாயின்டும் கிடையாது!

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது நம் செஞ்சி மட்டும்தான். அதற்குப் பிறகு வெளியூர் நண்பர்கள் வரப்போவதாகச் சொல்வது அதிகமாகிவிட்டது. அவர்களிடம் போனில் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

கேமராவோடு வரும் புத்தகத்தில் "ஒரு சார்ஜில் 250 படம்" என்று போட்டிருப்பார்கள். அது ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர் சங்கமான 'சிபா' வகுத்த கணக்கு. 30 வினாடிக்கு ஒரு படம், ஒன்று விட்டு ஒன்றுக்கு ஃபிளாஷ், ஒவ்வொரு படத்துக்கும் ஜூம், பத்துப் படத்துக்கு ஒருமுறை அணைத்துப் போடுதல், திரை எப்போதும் எரிய வேண்டும். இந்தச் செலவுகளைக் குறைத்தால் அதே பேட்டரியில் கூடுதலாக எடுக்கலாம்.

முதல் செலவாளி பின்பக்கத் திரை. செஞ்சி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. தெரியவில்லையே என்று வெளிச்சத்தைக் கூட்டுவோம், பேட்டரி இன்னும் வேகமாகக் குறையும். கண் வைத்துப் பார்க்கும் துளை இருக்கும் கேமராவானால் திரையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வெளிச்சத்தைக் குறைத்து, கையால் நிழல் கட்டிப் பாருங்கள். எடுத்த படத்தையெல்லாம் அங்கேயே ஓட்டிப் பார்க்காதீர்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஃபிளாஷ். சின்னக் கேமராவின் ஃபிளாஷ் மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது. எதிரே இருக்கும் கிருஷ்ணகிரிக்கு ஃபிளாஷ் அடித்து என்ன பயன்? 'ஆட்டோ'வில் விட்டால் நெற்களஞ்சியத்து இருட்டில் தானாகவே அடிக்கும். அணைத்துவிட்டு, கேமராவைச் சுவர் மேல் வைத்து, ஆடாமல் எடுங்கள்.

மூன்றாவது, லென்ஸை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் மோட்டார். அடுத்த படம் உடனே எடுப்பதாக இருந்தால் அணைக்காதீர்கள். பத்து நிமிடம் நடக்க வேண்டுமானால் அணைத்துவிடுங்கள். வைஃபை, ஜி.பி.எஸ். இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

நான்கு வருடத்துக்கு முன்பு, என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ராஜகிரி ஏறியே தீருவேன் என்று வந்தார். அப்போது அவருக்கு வயது 66. உட்கார்ந்து உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஏறினோம். வழியில் கேமராவை நான் அதிகம் வெளியே எடுக்கவில்லை. உச்சியில் ரங்கநாதர் கோயில் பக்கத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேர்வையில் நனைந்த சட்டையோடு நின்றார். பேட்டரியில் இரண்டு கோடு மிச்சம் இருந்தது. பத்துப் படம் எடுத்தேன். அதில் ஒன்பதாவதில்தான் கண் மூடாமல் சிரிக்கிறார். போன வருடம் காலமாகிவிட்டார். இன்று அவர் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டிருப்பது அந்தப் படத்துக்குத்தான். "ஸ்டூடியோல எடுத்த எந்தப் படத்துலயும் அவரு இப்படிச் சிரிச்சதில்லண்ணே" என்றார் அவர் மனைவி.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. பென்சில் செல் போடும் பழைய கேமரா வைத்திருப்பவர்கள் சாதாரண செல்லைப் போடாதீர்கள். கேமரா கேட்கும் கரண்டை அது தாங்காது. (கேமரா வேண்டாம் என்று தள்ளிய செல்லைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும்.) சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான் சரி. அது சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும், அதனால் புறப்படுவதற்கு முந்தின இரவு சார்ஜ் போடுங்கள்.

லித்தியம் பேட்டரியை முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். இதற்கு அது தேவையில்லை. இதன் எதிரி சூடு. சுட்ட பாறை மேலும், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் கேமராவை வைக்காதீர்கள். பல மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால், பாதி சார்ஜில் கழற்றி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பேட்டரியின் முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

1690 முதல் 1698 வரை முகலாயர் படை முற்றுகையிட்டும் தாக்குப்பிடித்த கோட்டை இது. சேமித்த தானியமும் மலைமேல் இருந்த சுனைநீரும் அதற்குத் துணை. நமக்கு ஒரு நாள் தாங்கினால் போதும்.

வருகிறவர்கள் காலையிலேயே வாருங்கள்; பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். மாற்று பேட்டரியைச் சில்லறை, சாவியோடு சேர்க்காமல், சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். பையில் வேண்டாம், குரங்குகளுக்குப் பை என்றால் தின்பண்டம்தான்!