வேகாத கல்லுக்கு முழு விலையா?

மேலவாசல், கீழவாசல், தெற்குவாசல்னு மதுரையில வாசலுக்குப் பஞ்சமே இல்லை. அதே வரிசையில ‘காளவாசல் எல்லாம் இறங்கு’ன்னு கண்டக்டர் குரல் கொடுத்ததும், அங்கேயும் ஒரு கோட்டைக் கதவு இருந்திருக்கும்னு வெளியூர் மாணவர்கள் நினைச்சுக்குவாங்க. இல்லை பாஸ்! தென்மாவட்டங்கள்ல செங்கல் சுடுற சூளைக்குப் பேருதான் காளவாசல். இப்போ போய் அங்கே சூளையைத் தேடாதீங்க. பைபாஸ் ரோடும் தேனி ரோடும் வெட்டிக்கிற சந்திப்பு, தலைக்கு மேல 2020 ஜூன்ல திறந்த மேம்பாலம், கீழே ஷேர் ஆட்டோ, டீக்கடை, செல்போன் கடை. சூளை போயிடுச்சு, பேரு மட்டும் நிக்குது.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அங்கே போய் நின்னு பாருங்க. தேனி ரோடு பக்கமிருந்து காமராசர் பல்கலைக்கழகத்துப் பசங்க, நாகமலை புதுக்கோட்டை காலேஜ் பசங்கன்னு பஸ் பஸ்ஸா வந்து இறங்குவாங்க. இன்னொரு கூட்டம் பழங்காநத்தம் பக்கம் போக பஸ்ஸுக்கு நிக்கும். பத்துப் பேர் நின்னா எட்டு பேர் கையில போன். காதை மட்டும் கொஞ்சம் கொடுங்க. “மாப்ள, மூவாயிரம் கட்டி வாங்கியிருக்கேன்டா, பாதி மேப்பைக் காணோம். கேட்டா அடுத்த வருஷம் வருமாம்!” ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு மூவாயிரம்ங்கிறது மெஸ் பில்லோட மோதுற தொகை. வீட்டுல கேட்டு வாங்க முடியாது, பகுதி நேர வேலை பார்த்தோ, பிறந்தநாள் காசைச் சேர்த்தோதான் வரும். அதனால இதை ‘விளையாட்டுப் பசங்க புலம்பல்’னு ஒதுக்க முடியலை.

விஷயம் இதுதான். கேம் முடியறதுக்கு முன்னாடியே அதை விலைக்கு விக்கிறதுக்கு ‘எர்லி ஆக்சஸ்’னு பேரு. கம்ப்யூட்டர் கேம் விக்கிற பெரிய கடையான ஸ்டீம், 2013 மார்ச்ல இதுக்குன்னே தனிப் பிரிவு திறந்தது. நீங்க காசு கொடுத்து அரைகுறை கேமை வாங்கி விளையாடுவீங்க, எங்கே இடிக்குதுன்னு சொல்லுவீங்க, அவங்க சரி பண்ணிட்டே வருவாங்க. நம்ம பசங்க போன்ல விழுந்து கிடந்த பப்ஜி இருக்கே, அதோட கம்ப்யூட்டர் அவதாரம் 2017 மார்ச்ல இப்படித்தான் 30 டாலருக்கு வந்தது. முழு கேம்னு அறிவிச்சது டிசம்பர்லதான். அதுக்குள்ளேயே உலகம் பூரா ஹிட்!

முடியாத பொருளை விக்கிறது புது வித்தையும் இல்லை, பாவமும் இல்லை. செங்கல் வேலை தெரிஞ்சவங்களைக் கேளுங்க. மண்ணைக் குழைச்சு, அச்சுல போட்டு, வெயில்ல காய வெச்சது பச்சைக்கல். சூளையில வெந்த பிறகுதான் அது செங்கல். ரெண்டு கல்லை ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பார்த்தா கணீர்னு சத்தம் வரணும், தண்ணியில போட்டா கரையக் கூடாது. பச்சைக்கல்லையும் வாங்கலாம்தான். ஆனா வேகும்போது வெடிச்சுப் போனா நஷ்டம் வாங்கினவருக்கு. அதனால அதுக்கு வெந்த கல்லோட விலையை எந்த மேஸ்திரியும் கொடுக்க மாட்டார்.

கேம் உலகத்துலயும் ஆரம்பத்துல இந்தக் கணக்குதான் ஓடுச்சு. மைன்கிராஃப்ட் 2009ல அரைகுறையா இருந்தப்ப விலை சுமார் 10 யூரோ. 2010 டிசம்பர்ல பீட்டா வந்ததும் 15. 2011 நவம்பர்ல முழுசா வந்தப்ப 20. முதல்ல நம்பி வந்தவருக்குக் குறைஞ்ச விலை, கடைசியா வந்தவருக்கு முழு விலை. யாருக்கும் வயித்தெரிச்சல் இல்லை.

அப்புறம்தான் கணக்கைத் தலைகீழாக் கவுத்தாங்க. 2013 ஜூன்ல ‘பிளானெட்டரி அனிஹிலேஷன்’னு ஒரு கேம், முடியறதுக்கு முன்னாடியே ஸ்டீம்ல வந்தது. விலை 90 டாலர்! அன்னைக்கு ரேட்டுல ஐயாயிரத்தைத் தாண்டும். முடிஞ்ச பெரிய கேமே 60 டாலருக்குக் கிடைச்ச காலம் அது. ‘என்னய்யா அநியாயம்’னு எல்லாரும் எகிறினாங்க. கம்பெனி சொன்ன பதில் சுவாரஸ்யமானது. 2012ல கிக்ஸ்டார்ட்டர்ல பொதுமக்கள்கிட்ட 22 லட்சம் டாலர் திரட்டிதான் இந்த கேமையே ஆரம்பிச்சாங்க. முதல் வடிவத்தை விளையாட அப்போ 90 டாலர் கொடுத்தவங்க இருக்காங்க; இப்போ அதையே குறைச்சு வித்தா அவங்களுக்குத் துரோகம்தானே? பிறகு பீட்டா 60 டாலராச்சு, 2014 செப்டம்பர்ல முழுசா வந்தப்ப இன்னும் இறங்கிடுச்சு. விலை ஏறி நின்னா வெறும் ஆர்வக்கோளாறுல வாங்குறவங்க வர மாட்டாங்க, சோதிச்சுப் பார்க்கத் தயாரா இருக்கிறவங்க மட்டும் வருவாங்கன்னு இன்னொரு வாதமும் உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சோதிச்சுச் சொல்றது வேலை. வேலை பார்க்கிறவர்கிட்டயே கூடுதல் காசு வாங்குறது எந்த ஊரு நியாயம்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும். பெல்ஜியத்து லாரியன் கம்பெனி 2020 அக்டோபர்ல ‘பால்டர்ஸ் கேட் 3’ கேமோட முதல் பாகத்தை மட்டும் முழு விலையான 60 டாலருக்கு வித்தது. ‘பாலிஷ் போட்ட கேம் வேணும்னா இப்ப வாங்காதீங்க’ன்னு அவங்களே சொன்னாங்க. கிட்டத்தட்ட மூணு வருஷம் கழிச்சு, 2023 ஆகஸ்ட்ல முழு கேம் வந்தது, முதல்ல வாங்கினவங்களுக்குக் கூடுதல் செலவே இல்லாம. அந்த வருஷத்தோட சிறந்த கேம் விருதையும் அள்ளிட்டுப் போச்சு. வாக்கு கொடுத்தாங்க, காப்பாத்தினாங்க.

அதே 2023 பிப்ரவரியில வந்தது ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2’. ராக்கெட் கட்டிப் பறக்கவிடுற கேம். இதோட முதல் பாகம் மெக்சிகோ சிட்டியில ஒரு சின்னக் குழு செஞ்சது. ஆரம்பத்துல சல்லிசா வித்து, வசதி கூடக் கூட விலையை ஏத்தி, 2015 ஏப்ரல்ல முடிச்சுக் காட்டினாங்க. ரெண்டாம் பாகம் பெரிய கம்பெனி கைக்குப் போச்சு. எடுத்த எடுப்பிலேயே 50 டாலர். வேற கிரகத்துல குடியேறலாம், நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகலாம், நண்பர்களோட சேர்ந்து ஆடலாம்னு சொன்னது எதுவும் வாங்குன அன்னைக்கு உள்ளே இல்லை. ‘வரும், வரும்’னாங்க. 2024ல ஸ்டூடியோவையே மூடிட்டாங்க. வாங்கினவர் கையில மிச்சம் பச்சைக்கல்.

சரி, காளவாசல்லேருந்து பைபாஸ்ல அப்படியே தெற்கே நடங்க. வழியில மனை, பிளாட் விளம்பரம் ஏதாச்சும் கண்ணுல படும். ‘ப்ரீ லாஞ்ச் ஆஃபர்’னு போட்டா என்ன அர்த்தம்? கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடி வாங்குங்க, குறைச்சுத் தர்றோம்னுதானே! அப்படி வாங்கி ஏமாந்தவங்க நாட்டுல கொஞ்சநஞ்சம் இல்லை. அதனாலதான் 2016ல ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. சின்னத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு. மத்ததெல்லாம் பதிவு பண்ணாம விளம்பரமே செய்யக் கூடாது. ஒப்பந்தம் போடாம விலையில 10 சதவீதத்துக்கு மேல முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குற பணத்துல 70 சதவீதம் தனிக் கணக்குல, நிலத்துக்கும் கட்டட வேலைக்கும் மட்டுமே போகணும். கேமுக்கு இந்த மாதிரி எந்தக் கடிவாளமும் கிடையாது. முழுப் பணத்தையும் முதல் நாளே வாங்கிக்கலாம், எதுல வேணும்னாலும் செலவு பண்ணலாம், முடிக்காமலும் போகலாம்.

அதுக்காக எர்லி ஆக்சஸையே தடை பண்ணுன்னு கொடி பிடிக்க நான் தயாரா இல்லை. உங்க காலேஜ்லயே ராத்திரி ராத்திரியா கேம் எழுதிட்டு இருக்கிற நாலு பேர் இருப்பாங்க. பேங்க்ல போய் ‘கேம் செய்யப் போறேன், லோன் கொடுங்க’ன்னு கேட்டா மேனேஜர் ஏற இறங்கப் பார்ப்பார். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தோட சமையல் கதையைச் சொல்ற ‘வெண்பா’ கேமை டொரொண்டோவுல ஒரு சின்னக் குழுதான் செஞ்சது. ஒன்றரை மணி நேரத்துல ஆடி முடிச்சிடலாம். ஆனா 2023 ஜூலையில கடைக்கு வந்தப்ப அது முழுசா வெந்த கல். 2024ல பாஃப்டா விருதே வாங்குச்சு. எல்லாக் கதையும் அப்படி ஒன்றரை மணி நேரத்துக்குள்ள அடங்காது. நாலு வருஷம் பிடிக்கிற கேம்னா நடுவுல சாப்பிடணுமே! அந்த நாலு பேருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து அரைகுறை கேம் வாங்குங்க, தப்பே இல்லை. கோடிகளை வெச்சிருக்கிற கம்பெனி அதே பச்சைக்கல்லை மூவாயிரத்துக்கு நீட்டும்போதுதான் கையைப் பின்னாடி கட்டிக்கணும்.

வாங்கியே தீருவேன்னா மூணு விஷயம் பாருங்க. கேம் பக்கத்துலயே ‘ஏன் எர்லி ஆக்சஸ், எப்போ முடியும், முடிஞ்சதும் விலை ஏறுமா’ன்னு கேள்வி-பதில் இருக்கும், விலை ஏறாதுன்னு போட்டிருந்தா இப்பவே வாங்க என்ன அவசரம்? கடைசியா எப்போ அப்டேட் வந்ததுன்னும் பாருங்க. ரொம்ப நாளாக் கைவிட்ட எர்லி ஆக்சஸ் கேமுக்கு 2025 பிப்ரவரியிலேருந்து ஸ்டீமே எச்சரிக்கைப் பட்டை போடுது. கடைசியா, பணம் திரும்ப வாங்குற வழி. வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா ஸ்டீம்ல கேட்டு வாங்கிக்கலாம். அதனால டவுன்லோட் முடிஞ்சதும் மெஸ்ஸுக்கு முன்னாடியே ஆடிப் பார்த்து முடிவு பண்ணுங்க. கேமை ஓடவிட்டுட்டு பரோட்டா சாப்பிடப் போனீங்கன்னா அந்த நேரமும் கணக்குல ஏறிடும்.