அமெரிக்கப் பிரயாணம் – 7: இரண்டு இம்பாலாக்கள்

பென்சில்வேனியாவில் கார்லைல் என்னும் சிற்றூரில் இலையுதிர் காலந்தோறும் கூடும் பழைய மோட்டார் கார்ச் சந்தையைப் பார்க்காமல் அமெரிக்காவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுகிறவர்கள், இந்நாட்டு ஜனங்கள் எதைத் தங்கள் பிதுரார்ஜிதமாகக் கருதிப் போற்றுகிறார்கள் என்பதை அறியாமலே ஊர் திரும்புகிறார்கள் என்று நான் துணிந்து சொல்லுவேன். பக்கத்து ஊரான மெக்கானிக்ஸ்பர்கில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கையின் மகன், 1964-ஆம் ஆண்டின் ஷெவர்லே இம்பாலா சூப்பர் ஸ்போர்ட் என்னும் இரண்டு கதவுக் கார் ஒன்றை வாங்கியே தீருவதென்று நெடுநாள் சங்கற்பம் செய்து பணமும் சேர்த்து வைத்திருந்தபடியால், போன கட்டுரையில் எழுதிய வாஷிங்டன் விஜயத்தின் களைப்புத் தீருமுன்பே என்னையும் அங்கே அழைத்துச் சென்றான்.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1863-இல் உள்நாட்டு யுத்தத்தின்போது தென்னாட்டுத் தளபதி ஸ்டூவர்ட்டின் குதிரைப்படை இவ்வூரைப் பீரங்கியால் தாக்கிற்று; பழைய நீதிமன்றத்துத் தூணில் அந்தக் காயத்தை இன்றும் காணலாம். செவ்விந்தியக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டுவந்து, தலைமுடியை வெட்டி, தாய்மொழி பேசவிடாமல் வளர்த்த பள்ளிக்கூடமும் 1879 முதல் 1918 வரை இவ்வூரில்தான் நடந்தது. அதை நினைத்தால் மனம் கசக்கிறது. கார்ச் சந்தையோ 1974-இல் இரண்டு நண்பர்களால் தொடங்கப்பட்டது.

இம்பாலா சூப்பர் ஸ்போர்ட் எதற்காக இத்தனை பிரசித்தி பெற்றது என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறேன். ஐந்தேகால் மீட்டருக்கும் அதிக நீளமுள்ள, குடும்பம் முழுவதும் தாராளமாக உட்காரக்கூடிய பெரிய காரிலே, பந்தயத்துக்குரிய எஞ்சினைப் பொருத்தி விற்றால் வாலிபர்கள் வாங்குவார்கள் என்று ஷெவர்லேக்காரர்கள் 1961-இல் எண்ணினார்கள். அவ்வாண்டு வெளிவந்தவை 453 கார்கள்தாம். 409 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 6.7 லிட்டர் கொண்ட எஞ்சின், 1964-இல் 425 குதிரைச் சக்தி வரை கொடுத்தது. அதன் பெயரையே தலைப்பாக வைத்து பீச் பாய்ஸ் குழுவினர் 1962-இல் ஒரு பாட்டும் பாடினார்கள். ஆனால் அதே 1964-இல் போன்டியாக் கம்பெனி, நடுத்தர அளவுள்ள காரில் பெரிய எஞ்சினை வைத்து ஜி.டி.ஓ. என்று வெளியிட்டதும், எடை குறைந்த கார் இன்னும் வேகமாக ஓடுமென்பதைக் கண்டுகொண்ட வாலிபர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

சந்தையில் காலையிலேயே ஒரு சிவப்பு இம்பாலா எங்கள் கண்ணில் பட்டது. பளபளப்பான வர்ணம், பக்கவாட்டில் சூப்பர் ஸ்போர்ட் சின்னம், மூடியைத் தூக்கினால் ஓரம் நெளிநெளியாக வளைந்த மேலுறைகளோடு உண்மையான 409 எஞ்சின். விலை 72,000 டாலர். மாலைக்குள் இன்னொருவர் வாங்கிவிடுவார் என்று வியாபாரி அவசரப்படுத்தவே, மருமகன் 500 டாலரை முன்பணமாக எண்ணிக் கொடுத்துவிட்டான். அடுத்த கடையில் பழைய சக்கர மூடிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், வியாபாரி காபி வாங்கப் போன சமயம் பார்த்து எழுந்து வந்து, “தம்பி, கதவைத் திறந்து, கீல் இருக்கும் தூணில் உள்ள தகட்டைப் படித்தீர்களா?” என்று கேட்டார்.

தகட்டில் 41847 என்று தொடங்கியது எண். 1964-ஆம் ஆண்டின் எட்டு சிலிண்டர் சூப்பர் ஸ்போர்ட்டானால் அது 41447 என்று தொடங்கவேண்டும்; 41847 சாதாரண இம்பாலா. அதோடு விடாமல் கிழவர் எஞ்சின் அறைச் சுவரிலுள்ள சிறு தகட்டைக் காட்டினார். அதிலிருந்த 11C என்பதற்கு, உடற்பகுதி நவம்பர் மூன்றாம் வாரத்தில் கட்டப்பட்டது என்று பொருளாம். எஞ்சினின் முன்புறம் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் T0414 என்ற பொறிப்பு: டோனவாண்டா தொழிற்சாலை, ஏப்ரல் 14. எந்த ஆண்டின் ஏப்ரலானாலும் அந்த நவம்பருக்கு அது பொருந்தாது. அதாவது, யாரோ சாதாரணக் காரை வாங்கி, வேறெங்கோ கிடைத்த எஞ்சினை ஏற்றி, சின்னங்களைக் குத்திவைத்திருக்கிறார்கள்.

வியாபாரி திரும்பி வந்ததும் வாக்குவாதம் மூண்டது. முன்பணம் திரும்பாது என்றான். அசல் கார் என்று தன் வாயால் சொல்லவேயில்லை என்றும், சின்னம் இருப்பதைக் கண்டு நாங்களாக நினைத்துக்கொண்டால் அதற்குத் தான் பொறுப்பல்ல என்றும் சாதித்தான். மருமகனுக்கு முகம் சிவந்து பேச்சு எழவில்லை. நான் குரலை உயர்த்தினேன். அப்போது கிழவர், கோபத்தின் சாயல்கூட இல்லாமல், அந்தத் தகட்டின் எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். நின்று வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள். இரண்டாம் முறை படிக்கத் தொடங்குமுன் ஐந்து நூறு டாலர் நோட்டுகள் மருமகன் கைக்கு வந்துவிட்டன. சாமானைத் திருப்பிக் கொடுத்தால் ஏனென்று கேளாமல் பணம் தரும் கடைகள் நிறைந்த நாட்டில் இப்படியும் ஒருவன்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். அத்தனை ஆயிரம் பேர் கூடிய மைதானத்தில் ஒரு காகிதத் துண்டு கீழே கிடக்கவில்லை. ஆனால் கழிப்பிடம் என்று வைத்திருந்த பிளாஸ்டிக் கூண்டுகளில் கை கழுவத் தண்ணீர் இல்லை. ஏதோ பசையைத் தேய்த்துக்கொண்டு அதையே சுத்தம் என்கிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை.

கிழவருக்கு பிக்லர்வில் அருகே ஆப்பிள் தோட்டம். அவரிடமே ஓர் இம்பாலா இருந்தது. மறுநாள் அதைப் பார்க்கப் போனோம். அவர் மனைவி, மேஜைமேல் வீட்டில் சுட்ட ரொட்டி, அவித்த சோளக்கதிர், கிராம்பும் பட்டையும் சேர்த்து நாள் முழுதும் கிளறிய கறுத்த ஆப்பிள் விழுது எல்லாவற்றையும் பரப்பி, நான் மாமிசம் உண்ணாதவன் என்று கேள்விப்பட்டுச் சூப்பைத் தனியாக வேறு வைத்திருந்தார். அந்த விழுது பழநிப் பஞ்சாமிர்தத்தின் பதத்தில் இருந்தது. ரொட்டியில் தடவி, வெட்கத்தை விட்டுப் பலமுறை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பாடு முடியும்வரை காரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. விற்பதற்கு முன் விருந்தாளியை விருந்தாளியாக நடத்தும் பண்பு உலகெங்கும் ஒன்றுதான்.

கொட்டகைத் தரை சாம்பல் வர்ணம் பூசி ஒட்டடை தூசியின்றி இருந்தது. ஸ்பானர்கள் அளவு வாரியாகச் சுவரில் தொங்கின. நீலக் கார். எண் 41447, அடுத்த எழுத்து பி, பால்டிமோரில் கட்டியது. 327 எஞ்சின், நாலு கியர். கிழவர் பின்பக்கப் பெட்டியைத் திறந்து, ரப்பர் விரிப்பைத் தாமே சுருட்டி, துருப்பிடித்து ஒட்டுப்போட்ட இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தார். பிறகு மருமகன் கையில் ஒரு காந்தத்தைக் கொடுத்து, “இந்தக் கார்களுக்குச் சக்கரத்தின் பின்னாலும் பின் கண்ணாடியின் அடியிலும்தான் அரிக்கும்; காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசிய இடம், ஒன்றையும் விடாதீர்கள்” என்றார். வலது பின்சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் காந்தம் நழுவி விழுந்தது. அவர் தலையசைத்து, அது எந்த ஆண்டு, எந்த மரத்தின்மீது மோதியது என்பதையும் சொன்னார்.

விலை 32,000 என்றார். மருமகன் 26,000 என்று ஆரம்பித்தான். கிழவர் சற்று மௌனமாக இருந்து, துருவுக்கும் மோதலுக்கும் வேண்டியதைத் தாம் ஏற்கெனவே கழித்துவிட்டதாகச் சொன்னார். பேரம் அதோடு முடிந்தது. குறையைத் தானே காட்டுகிறவரிடம் பேரம் பேசுவது மரியாதையல்ல என்பது என் திடமான அபிப்பிராயம். காரில் ஏறியதும் மருமகனிடம் சொன்னேன். “சரிதான் மாமா” என்றான்.

பிறகு நோட்டரி முன் கையெழுத்து, 6 சதவீத விற்பனை வரி 1,920 டாலர், காத்திருப்பு. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான் என்பதால் மருமகன் நிதானமாக ஓட்டிக்கொண்டு வந்தான். அடுத்த வாரம் நயாகரா. வழியில் டோனவாண்டாவில் எஞ்சின் தொழிற்சாலையை வெளியே நின்றாவது பார்க்கவேண்டும் என்கிறான். எனக்கும் அதில்தான் ஆவலாக இருக்கிறது. நீர்வீழ்ச்சியை எத்தனையோ பேர் வர்ணித்திருப்பதால் நான் சுருக்கமாக எழுதுவேன்.