தகரக் கொட்டகையும் சொற்சீட்டுகளும்

உடலையும் உள்ளத்தையும் ஒருசேரப் பிழிந்தெடுக்கும் பணிகளில் இருந்துகொண்டு, சோர்வதற்கு மாறாகத் தழைத்து வளரும் மனிதர்களைக் காணும்போது நாம் வழக்கமாக இரண்டு சொற்களைத் தேடுகிறோம். ஒன்று தவம்; மற்றது தியாகம். வணங்கிவிட்டு நகர்ந்துவிட இரண்டும் வசதியான சொற்கள். ஆனால், அம்மனிதர்களை உள்ளிருந்து இயக்குவது எது என்ற வினாவுக்கு இவற்றிடம் விடை இல்லை. அகராதி தொகுத்தோரின் வரலாற்றைப் படிக்குந்தோறும் நமக்கு இவ்வெண்ணம் வலுப்பட்டு வருகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே, ஸ்காட்லாந்துச் சிற்றூர் ஒன்றில் தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். பதினான்கு வயதோடு அவருடைய பள்ளிப்படிப்பு நின்றது. வங்கி எழுத்தராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தபடியே பல மொழிகளைத் தாமே கற்றார். 1879இல் அகராதிப் பொறுப்பை ஏற்றபோது, பத்தாண்டுகளில் நான்கு தொகுதிகள் என்பதே திட்டம். ஐந்தாண்டுகள் கழிந்து 1884இல் முதற்பகுதி அச்சேறியது. அது 'ஏ' என்னும் எழுத்தில் தொடங்கி, எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்' என்ற சொல்வரை மட்டுமே வந்திருந்தது.

அவருக்கு முன்பிருந்தோர் சேர்த்துவைத்த சொற்சீட்டுகள் ஏறக்குறைய இரண்டு டன் எடை. சாக்குகளில் வந்திறங்கிய அவற்றினிடையே செத்த எலியும் கிடந்தது. தோட்டத்தில் எழுப்பிய தகரக் கொட்டகையே அலுவலகம். 1885இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தபின் கட்டிய கொட்டகையோ பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்தது. குளிர்காலத்தில் கனத்த மேலங்கியோடுதான் அங்கு அமர முடியும். ஊதியம் போதாமல் நண்பரிடம் கடன்பட்டார். 1883இல் மேலிடத்தார் தம் முன்னுரையில் கைவைத்தபோது, பதவி விலகும் எல்லைக்கே சென்றார். 1915இல் அவர் மறைந்தபோது பணி முடிந்திருக்கவில்லை. 1928இல் 4,14,825 சொற்களோடு நிறைவுற்ற அகராதியை அவர் கண்ணால் கண்டதில்லை.

பொருளுமில்லை, வசதியுமில்லை, முடிவும் கைக்கெட்டவில்லை. பின் எது அவரை முப்பத்தாறு ஆண்டுகள் அந்த மேசையில் அமர்த்தியது?

விடை அந்தச் சீட்டுகளிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல், அது ஆளப்பட்ட ஒரு தொடர், நூலின் பெயர், ஆண்டு, பக்க எண். ஒரு சொல்லுக்குரிய சீட்டுகளை மேசைமேல் பரப்பிப் பொருள்வாரியாகப் பிரித்து, ஆண்டுவாரியாக அடுக்கினால், அச்சொல் நூற்றாண்டுகளினூடே நடந்துவந்த தடம் புலப்படத் தொடங்கும். அதற்குரிய பொருள்விளக்கம் சரியாக அமைந்துவிட்டதா என்பதை எவரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, எழுதியவருக்கே தெரியும். அகராதி முடியாது, ஆனால் அந்தச் சொல் இன்று மாலை முடிந்துவிடும். பெருங்கடலைத் தாண்டுகிறவனுக்குத் துணை மறுகரையன்று, கைக்குள் அடங்கும் துடுப்பே.

அவர் தனித்தும் இல்லை. ஆயிரக்கணக்கான வாசகர்கள் ஊதியமின்றிச் சீட்டுகள் எழுதி அனுப்பினர். அவருடைய பிள்ளைகள் கைச்செலவுக் காசுக்காக அவற்றை அகரவரிசைப்படுத்தினர். கடிதப் பெருக்கத்தைக் கண்ட அஞ்சல் துறை, அவர் வீட்டுவாசலிலேயே அஞ்சல் பெட்டி ஒன்றை நிறுவியது.

நம் மொழியிலும் இதற்கு இணை உண்டு. வழக்கறிஞராக இருந்த வையாபுரிப் பிள்ளை 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியரானார். 1936இல் ஆறு தொகுதிகளும் நிறைவுற்றதை அவர் கண்டார்; மர்ரே காணவில்லை. ஆயினும் இருவருடைய அன்றாடமும் ஒன்றே: ஒரு சொல், அதன் ஆட்சி, அதன் பொருள்.

இவற்றையெல்லாம் இப்போது நினைக்கக் காரணம் உண்டு. நம்மிடம் முதுகலை பயின்று, இன்று ஒரு கல்லூரியில் மிகக் குறைந்த தொகுப்பூதியத்தில் தமிழ் கற்பிக்கும் மாணவர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "நாளுக்கு ஐந்து வகுப்பு, மூட்டை மூட்டையாக விடைத்தாள். கேட்டால், ஆசிரியப் பணி தொண்டு என்கிறார்கள். இதில் எதற்காக நீடிக்க வேண்டும் ஐயா?"

மர்ரேயின் கதையைச் சொல்லி அவரைத் தேற்றுவது எளிது, நேர்மையன்று. மர்ரேக்கு வறுமை உரம் ஊட்டவில்லை. வறுமையையும் மீறி அவரைத் தாங்கியவை வேறு. அன்றன்று முடிக்கக்கூடிய ஒரு பங்கு, அது நன்றாயிற்றா என்று தாமே அறியும் அளவுகோல், உடன் சுமக்கும் கைகள். இம்மூன்றும் உள்ள பணி எவ்வளவு கடினமாயினும் மனிதரை வளர்க்கும். இவை பறிக்கப்பட்டால் எளிய பணியும் அவரை உண்டுவிடும். தொண்டு என்ற சொல்லைக் காட்டி ஊதியத்தைக் குறைப்போர், பெரும்பாலும் இம்மூன்றையும் சேர்த்தே குறைக்கிறார்கள்.

ஆகவே மாணவரிடம் நாம் கேட்டது இவ்வளவே: வகுப்பில் ஒரு பாடலை நடத்தி முடித்து வெளியேறும்போது, இன்று இது சரியாக அமைந்தது என்று உமக்கே தெரிகிற நாட்கள் உண்டா? உண்டெனில் பணியை விடாதீர். ஊதியத்துக்கான போராட்டத்தையும் விடாதீர். அப்படிப்பட்ட நாட்களே இல்லாமற்போனால், விலகுவது தோல்வியாகாது. அவர் உடனே விடை சொல்லவில்லை. நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார்.