பாவு விரிக்கும் தெருவில் ஒரு கியர்பாக்ஸ்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திப் பிரிக்க வேண்டுமானால், அன்று தெருவில் யாராவது பாவு விரிக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலான பட்டுப் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டுவார்கள். அதில் கியர் ஆயில் தெறித்தால் பாவே போச்சு. இது கியர்பாக்ஸ் மாற்ற வரும் மேஸ்திரிக்குத் தெரியும். அதனால் பாவுக்காரர்கள் சுருட்டிக்கொண்டு போன பிறகுதான் சாக்குமூட்டையும் ஜாக்கியுமாக வந்து இறங்கினார். கூடவே ஒரு பையன், பள்ளியை முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன்.

வண்டி ஒரு பழைய மாருதி ஆம்னி. உரிமையாளர் நெசவாளர், தன் தறியோடு, தெரிந்தவர்கள் வீட்டுத் தறிகளுக்கும் பட்டும் ஜரிகையும் கொடுத்துச் சேலையாக வாங்குகிறவர். பாவு உருளை, பட்டு நூல், நெய்து முடித்த சேலை எல்லாம் இந்த வண்டியில்தான் போய்வருகின்றன. 1984இல் மாருதி வேன் என்று வந்து, ஆம்னி என்று பெயர் மாறி, 2019இல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அப்படியும் அவர் விற்கவில்லை. “புது வண்டின்னா மாசத் தவணை. தறி நிக்கிற மாசத்துல அதை யாரு கட்டுறது?” என்றார்.

கோளாறு இரண்டாவது கியரில். மேஸ்திரி தெருமுனை வரை ஓட்டிக் காட்டினார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் லிவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. கியரைக் கவ்விப் பிடிக்கும் ஸ்லீவின் பல்முனைகள் மழுங்கிவிட்டால் இப்படித்தான் ஆகும். அடுத்து வண்டியை நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டார். உள்ளே ஒரு உறுமல் கேட்டது. கிளட்சை மிதித்தார், உறுமல் நின்றது. விட்டார், மறுபடி வந்தது. “இன்புட் ஷாஃப்ட் பேரிங் சார். கிளட்சை அமுக்கினா ஷாஃப்ட் சுத்துறது நிக்குது, சத்தமும் நிக்குது.” ஒரு நட்டைக்கூட அவர் இன்னும் தொடவில்லை.

பேரிங், ஸ்லீவ், பல்சக்கரம் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாற்றுவதைவிட, நல்ல நிலையில் உள்ள பழைய கியர்பாக்ஸ் ஒன்றை அப்படியே ஏற்றுவது மலிவு. அதற்குச் சென்னைப் புதுப்பேட்டைதான். பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் அந்தச் சந்துகளைத் தமிழ்நாட்டில் மெக்கானிக் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேஸ்திரி முந்தின நாளே போய் எடுத்துவந்திருந்தார். எப்படிப் பார்த்து வாங்கினீர்கள் என்று கேட்டேன். பெட்டியைக் கவிழ்த்துவைத்து, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுக் காட்டினார். எங்கேயும் முட்டக் கூடாது. ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. எண்ணெய் கருத்திருந்தால் பரவாயில்லை; விரலில் தேய்த்தால் இரும்புப் பொடி மினுமினுக்கக் கூடாது. புதுப்பேட்டையில் ரசீதும் உத்தரவாதமும் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கைதான் உத்தரவாதம்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வண்டியை ஜாக்கியில் ஏற்றினார்கள். நான்கு பக்கமும் கட்டை முட்டுக்கொடுத்த பிறகு மேஸ்திரி வண்டியைத் தோளால் இரண்டு முறை இடித்துப் பார்த்தார். அசையவில்லை என்று தெரிந்த பிறகே பையனை அடியில் போகவிட்டார். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவரிடம் எனக்கு முதலில் பிடித்தது இதுதான்.

கழற்றப்போகிற பெட்டிதான் என்றாலும், பையனுக்குப் பழக்கமாகட்டும் என்று, பழைய எண்ணெயை வடிப்பதற்கு முன் பக்கவாட்டில் இருக்கும் ஊற்றும் துளையின் மூடியைத் திறக்கச் சொன்னார். வடிக்கிற மூடி அடியில் இருக்க, இதை ஏன் முதலில் திறக்க வேண்டும்? பையனே பதில் சொன்னான்: “கீழ தொறந்து ஆயிலை வடிச்சிட்டு, மேல தொறக்க வரலைன்னா வண்டிய எப்படி சார் எடுக்குறது?” கற்றுக்கொடுத்தவர் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

அப்புறம் பின் சக்கரத்துக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று வரிசையாக வந்தன. கழற்றிய போல்ட்டுகளை அட்டையில் குத்தி, எது எங்கிருந்து வந்தது என்று பையன் எழுதிவைத்தான். நீளத்தில் நூலளவு வித்தியாசம் உள்ள போல்ட் இடம் மாறினால் அலுமினியக் கூட்டின் மரை போய்விடும். கடைசியில் மேஸ்திரி மல்லாந்து படுத்து, பெட்டியை நெஞ்சில் தாங்கி இறக்கினார்.

பெட்டி இறங்கியதும் கிளட்ச் தட்டு தெரிந்தது. தேய்ந்து ரிவெட் தலை எட்டிப்பார்த்தது. பெட்டியை இறக்குவதுதான் பெரும்பாடு. இறக்கிய பிறகு கிளட்ச் தட்டை மாற்றாமல் ஏற்றுவது வீண். உரிமையாளர் யோசிக்காமல் சரி என்றார். புதுத் தட்டை வைத்து, பழைய பெட்டியிலிருந்து எடுத்த ஷாஃப்ட்டை அதன் நடுவே விட்டு, மையம் பிடித்த பிறகே பிரஷர் பிளேட்டை முடுக்கினார்கள். மையம் தப்பினால் பெட்டி உள்ளே ஏறவே ஏறாது. ஏற்றும்போது ஒருவர் தள்ள, ஒருவர் பின்னாலிருந்து ஷாஃப்ட்டை இம்மி இம்மியாகச் சுற்றிக்கொடுக்க வேண்டும். வாசற்படியில் உட்கார்ந்து பார்த்த நெசவாளர், சேலையின் உடலோடு கரையை இணைத்து நெய்யும் கோர்வையை நினைத்து, “கோர்வைக்கும் ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் கை தப்பினா தெரிஞ்சிடும்” என்றார். ஒரு சின்னச் சத்தத்தோடு பெட்டி போய் உட்கார்ந்தது. ஊற்றும் துளையிலிருந்து வழியும்வரை புது எண்ணெய் விட்டார்கள். அதுதான் அளவு.

ஆட்டோமேட்டிக் வண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இந்தியாவில் சின்ன கார்களுக்கு ஏஎம்டி, அதாவது கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் பெட்டி, வந்தது 2014இல், செலேரியோவில். “அதுல உள்ள இருக்கிறது இதே பல்லு, இதே கிளட்ச்சுதான் சார். மிதிக்கிற வேலையை மோட்டார் பாக்குது. ஆனா மாட்டினப்புறம் ஸ்கேனர் போட்டு கிளட்ச்சைச் சொல்லிக்கொடுக்கணும்.” டார்க் கன்வெர்ட்டர் உள்ள அசல் ஆட்டோமேட்டிக் வேறு ரகம். அதில் எண்ணெயின் அழுத்தத்தால்தான் எல்லாமே நடக்கிறது. கன்வெர்ட்டர் முழுதாக உள்ளே உட்காராமல் போல்ட்டை முடுக்கினால் எண்ணெய்ப் பம்பு உடையும். அந்த வேலையை இவர் வேறு பட்டறையில் கூட நின்று கற்றிருக்கிறார். ஸ்கேனர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

இதே மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இல் வந்தது. கார் செய்யும் ஊர் என்று இந்தப் பக்கத்துக்குப் பெயர். செய்த காரை இருபது வருடம் ஓடவைப்பவர்களைப் பற்றி அந்தப் பெருமையில் ஒரு வரிகூட இல்லை. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, நெசவாளருக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அவையும் போதவில்லை என்று நெசவாளர்கள் சொல்வது நியாயமே. மேஸ்திரியிடம் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். “அதெல்லாம் டிரைவருங்களுக்கு” என்றார்.

அப்படியில்லை. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டத்தின் கீழ், அமைப்புசாரா ஓட்டுநர்களோடு வண்டி பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்தே நல வாரியம் இருக்கிறது. 18 வயது நிறைந்தவர்கள் 60 வயதுக்குள் பதிந்துகொள்ளலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, 60க்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவருக்கு விபத்து உதவியைவிட அவசியமானது எது?

உங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடமும் அவர் கூட இருக்கும் பையனிடமும் அடுத்த முறை இதைக் கேளுங்கள். பதியவில்லை என்றால், விண்ணப்பத்தை நிரப்பிப் பதிந்துகொள்ள உதவுங்கள்.